முதன்முதலாக இன்வெர்ட்டர் வாங்கும் பிள்ளைகளுக்கு

புது வீடு கட்டி முடித்தவர்கள், கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போகிறவர்கள், ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு வாங்கித்தர நினைக்கும் வெளியூர்ப் பிள்ளைகள் என்று என் கடைப் படியேறும் இளையவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "நல்ல இன்வெர்ட்டர் எது, என்ன விலை?" என்பதைத்தான். உடனே பதில் சொல்ல மாட்டேன். உட்காரவைத்து நாலைந்து கேள்வி கேட்பேன். தஞ்சை, திருவாரூர் பக்கம் இந்த வேலையிலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் அவற்றையும், கூடவே சொல்லும் யோசனைகளையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். எந்தக் கம்பெனியின் பெயரையும் சொல்லப்போவதில்லை. உங்கள் வீட்டுக் கணக்கு சரியாக இருந்தால் பேர்பெற்ற நாலைந்து கம்பெனிகளில் எதை வாங்கினாலும் உழைக்கும். கணக்கு தப்பினால் எதை வாங்கினாலும் உழைக்காது.

1. உங்கள் ஊரில் கரண்ட் எப்படிப் போகிறது என்று முதலில் பாருங்கள். எத்தனை மணி நேரம் போகிறது என்பது பாதிக் கேள்விதான். வந்தபின் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பது மீதிப் பாதி.

2008 முதல் 2014 வரை தமிழ்நாடு பட்ட மின்வெட்டுப் பாடு பெரியவர்களுக்கு மறக்காது. 2012-ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத ஊர்கள் ஏராளம். ஒரு மணி நேரம் இருக்கும், அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. அப்போது கடன் வாங்கிப் போட்ட பேட்டரிகள் இரண்டு வருஷம்கூடத் தாங்காமல் போயின. மட்டமான சரக்கு என்று எல்லாரும் திட்டினார்கள். நடந்தது வேறு. மூன்று ஃபேன், ஒரு டிவி, நாலைந்து விளக்கு ஓடினால் பேட்டரியிலிருந்து ஒரு மணி நேரத்தில் 35 ஆம்பியருக்கு மேல் போகும். கரண்ட் வந்ததும் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் திருப்பிப் போடும் சார்ஜ் 15 ஆம்பியர் அளவுதான். எடுத்ததில் பாதிகூடத் திரும்பவில்லை, அதற்குள் அடுத்த கட். இப்படி மாதக்கணக்கில் பேட்டரி ஒருநாளும் நிரம்பவே இல்லை. நிரம்பாமல் கிடக்கும் ஈயத் தகட்டில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. கறக்கிற அளவுக்குத் தீனி போடாத மாடு எத்தனை நாள் நிற்கும்?

இன்னொரு பேட்டரி சேர்த்தால் சரியாகும் என்று சிலர் சேர்த்தார்கள். சார்ஜ் போடும் பெட்டியின் சக்தி கூடாமல் பேட்டரியை மட்டும் பெரிதாக்கினால் நிரம்ப இன்னும் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். அந்த நாட்களில் தப்பித்த பேட்டரிகள் எல்லாம் டிவியை நிறுத்தி, ஒரு ஃபேன் ஒரு விளக்கோடு ஒரே அறையில் குடும்பமாகப் படுத்த வீடுகளில் இருந்தவை.

இப்போது நிலைமை வேறு. பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தி மாலையில் கொடுக்கும் நாள் மாதத்தில் ஒன்று, கோடை ராத்திரியில் அரை மணி ஒரு மணி, மழைக்காலத்தில் அவ்வப்போது. இப்படி எப்போதாவது போகிற ஊருக்கும், தினமும் மூன்று தடவை போகிற ஊர்க்கோடி வீட்டுக்கும் ஒரே பேட்டரியைச் சொல்கிற கடைக்காரர் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

2. ஒரு தாளில் லோடை எழுதுங்கள். கரண்ட் போனால் எது ஓடியே ஆகவேண்டும் என்று மட்டும் எழுதுங்கள், எது ஓடினால் நன்றாக இருக்கும் என்பதை விட்டுவிடுங்கள். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட். எல்இடி ட்யூப் 20, பல்ப் 9. 32 அங்குல டிவி 50, 60. வைஃபை பெட்டி 10. மிக்சி, அயர்ன் பாக்ஸ், கீசர், மோட்டார், ஏசி இவை எதுவும் இந்தத் தாளில் வரக்கூடாது. ஃபிரிட்ஜையும் சேர்க்காதீர்கள் என்பதே என் யோசனை. ஓடும்போது 150, 200 வாட்தான் எடுக்கும், ஆனால் கம்ப்ரஸர் கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். சின்ன இன்வெர்ட்டர் அதில் ட்ரிப் ஆகும். கதவைத் திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் கரண்ட் இல்லாமல் குளிர்ச்சியைப் பிடித்துக்கொள்ளும்.

எழுதும்போது பகல் லோடு, ராத்திரி லோடு என்று பிரித்து எழுதுங்கள். பகலில் 370 வாட் ஓடும் வீட்டில் ராத்திரி தூங்கும்போது இரண்டு ஃபேனும் வைஃபையும்தான் ஓடும், 160 வாட். அந்த இரண்டு ஃபேனை மட்டும் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் ஒன்று 30 வாட்தான், மொத்தம் 70 வாட்டில் அடங்கிவிடும். பேட்டரியைப் பெரிதாக்கக் கையில் வைத்திருக்கும் பணத்தில் இரண்டு ஃபேனை மாற்றச் சொல்லி நான் பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கரண்ட் இருக்கும் நாளிலும் அந்த ஃபேன் மிச்சம் பிடித்துக் கொடுக்கும்.

3. பெட்டியில் போட்டிருக்கும் விஏ வேறு, வாட் வேறு. 900 விஏ என்றால் 700 வாட் அளவுக்குத்தான் தாங்கும். உங்கள் தாளில் வந்த வாட்டைப்போல் ஒன்றரை மடங்கு தாங்குகிற பெட்டியாக எடுங்கள், போதும். ஒரு பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் பெட்டிகள் பெரும்பாலும் 1100 விஏ வரை. அதற்கு மேலே போனால் இரண்டு பேட்டரி கேட்கும் 24 வோல்ட் பெட்டிகள் வந்துவிடும். செலவும் இரட்டிப்பு, பராமரிப்பும் இரட்டிப்பு.

4. பேட்டரியின் ஏஹெச், அதாவது ஆம்பியர்-மணிக் கணக்கை நீங்களே போட்டுப் பழகுங்கள். 150 ஏஹெச், 12 வோல்ட். பெருக்கினால் 1800 வாட்-மணி. இன்வெர்ட்டரில் போகும் சேதாரத்தைக் கழித்து 1440 என்று வைத்துக்கொள்ளுங்கள். 370 வாட்டால் வகுத்தால் நாலு மணி நேரம் வரும். "நாலு மணி நேரம் பேக்கப் வரும்" என்று கடையில் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

வராது. ஏன் என்று தெரிந்துகொள்ளுங்கள். பேட்டரி மேல் சி20 என்று அச்சடித்திருக்கும். இருபது மணி நேரம் பொறுமையாக, மணிக்கு ஏழரை ஆம்பியர் வீதம் எடுத்தால்தான் 150 கிடைக்கும் என்பது அதன் பொருள். நீங்கள் 35, 40 ஆம்பியர் என்று வேகமாக இழுத்தால் அதே பேட்டரி 100 ஏஹெச் கொடுப்பதே பெரிது. ஆகவே புதுப் பேட்டரியிலேயே இரண்டரை மணி நேரம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மூன்று வருஷம் போனால் இன்னும் குறையும். அதே பேட்டரியில் ராத்திரி 160 வாட் மட்டும் ஓடினால் ஏழு மணி நேரத்தை ஒட்டி வரும். லோடு பாதியானால் நேரம் இரட்டிப்புக்கும் மேலே கூடுகிறது. இதை மனதில் வாங்கிக்கொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். சோலார் பேட்டரிகளில் சி10 என்று போட்டிருப்பார்கள். சி10-ல் 150 என்று போட்டிருக்கும் பேட்டரி, சி20-ல் 150 என்று போட்டதைவிடச் சரக்கு அதிகமுள்ளது.

5. ஸ்கொயர் வேவ் பெட்டி வாங்காதீர்கள். ஆயிரம் இரண்டாயிரம் குறையும் என்பார்கள். ஃபேன் ராத்திரி முழுக்க உறுமும், காயில் சூடேறும். பியூர் சைன் வேவ்தான்.

6. பேட்டரியில் உயரமான ட்யூபுலர் வாங்குங்கள். பட்டைத் தகடு பேட்டரியில் மருந்தைத் தகட்டின் மேல் அப்பியிருப்பார்கள், சார்ஜ் ஏறி இறங்க ஏறி இறங்க அது உதிர்ந்து அடியில் சேரும். ட்யூபுலரில் ஈயக் கம்பியைச் சுற்றி மருந்தை நிறைத்து, துணிக் குழாய்க்குள் அடைத்திருப்பார்கள். உதிர வழி இல்லை. பார்த்துக்கொண்டால் ஐந்து, ஆறு வருஷம் உழைக்கும். உயரமானதில் தகட்டுக்கு மேல் தண்ணீர் நிறைய நிற்கும், அடிக்கடி ஊற்ற வேண்டாம். எப்போதாவது மட்டும் கரண்ட் போகும் நகரத்து வீட்டுக்குப் பட்டைத் தகடே போதும் என்று சிலர் சொல்வார்கள், தப்பில்லை. ஆனால் கார் பேட்டரியை, லாரி பேட்டரியை மட்டும் வீட்டுக்கு மாட்டாதீர்கள். இஞ்சினைக் கிளப்ப ஒரு சில நொடிக்கு மட்டும் நிறையக் கரண்ட் கொடுக்கச் செய்தது அது. மெல்லிய தகடு. அடிவரை இறக்கி இறக்கி ஏற்றினால் மாதங்களில் செத்துவிடும்.

7. லித்தியம் வாங்கலாமா என்று இப்போது எல்லாரும் கேட்கிறீர்கள். வாங்கலாம், காரணம் தெரிந்து வாங்குங்கள். 1859-ல் பிரான்ஸில் காஸ்தோன் பிளாந்தே செய்த ஈய-அமில பேட்டரியின் வம்சம்தான் இன்றைக்கும் நம் வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. லித்தியம் அதிலிருந்து அடியோடு வேறு. வீட்டுக்கு ஏற்றது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. 100 ஏஹெச் பேட்டரி 12.8 வோல்ட்டில் 1280 வாட்-மணி வைத்திருக்கும், அதில் பெரும்பகுதியை எடுத்தே தீர்க்கலாம். வேகமாக எடுத்தாலும் ஈயத்தைப்போல் சுருங்காது. ட்யூபுலர் ஒன்று ஐம்பது அறுபது கிலோ, இது பதினைந்து கிலோவுக்குள் அடங்கும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆவி வராது, மூன்று நாலு மணி நேரத்தில் நிரம்பும். தினமும் பல தடவை கட் ஆகும் வீட்டுக்கும், தண்ணீர் பார்க்க ஆளில்லாமல் வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கும் கூடுதல் விலை கொடுத்து இதை வாங்குவதே சரி.

இரண்டு எச்சரிக்கை. பழைய இன்வெர்ட்டரில் பேட்டரியை மட்டும் லித்தியமாக மாற்றாதீர்கள். ஈயத்துக்குப் போடும் சார்ஜ் முறை இதற்கு ஒத்துவராது, லித்தியம் என்று தனியாகத் தேர்வு செய்யும் வசதி அந்தப் பெட்டியில் இருக்கவேண்டும். இரண்டாவது, வண்டிகளில் கழித்துப்போட்ட செல்களைச் சேர்த்து டேப் சுற்றி விற்கும் பேட்டரியைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள். ஒவ்வொரு செல்லையும் கண்காணித்து, அளவு மீறினால் நிறுத்தும் பிஎம்எஸ் பலகை ஒழுங்காக இல்லாத லித்தியம் பேட்டரி வீட்டுக்குள் இருக்கக்கூடாத பொருள்.

8. கடையில் தயாரித்த மாதத்தைக் கேளுங்கள். எதுவும் செய்யாமல் ரேக்கில் இருந்தாலும் ஈயப் பேட்டரி தானாகவே இறங்கும். ஆறேழு மாதம் சார்ஜ் போடாமல் கிடந்தது என்றால் தள்ளுபடி விலைக்கும் வேண்டாம். 36+12, 48+12 என்றெல்லாம் எழுதியிருக்கும். முதல் எண்ணிக்கை அளவு மாதங்களுக்குள் கெட்டால் புதுப் பேட்டரி தருவார்கள். பிந்திய எண்ணிக்கைக்கு விலையில் ஒரு பங்கு கழித்துத் தருவார்கள், அவ்வளவே. வாரன்ட்டி அட்டையில் பேட்டரி நம்பர், தேதி, கடை முத்திரை மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அட்டையையும் பில்லையும் அன்றைக்கே போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

9. வைக்கும் இடம். சார்ஜ் ஏறும்போது ஈயப் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தாலே பொறி பட்டால் வெடிக்கும். பூஜை அறை ஓரம், சமையல்கட்டு, மூடிய மரப்பெட்டி, படுக்கையின் அடி, இவை எல்லாமே ஆகாத இடங்கள். மாடிப்படியின் கீழ் கதவு போட்டு அடைத்து வைக்கிறார்கள், அந்தக் கதவில் மேலும் கீழும் காற்றுத் துளை விடச் சொல்லுங்கள். வெயில் நேரடியாகப் படும் பால்கனியும் கூடாது, சூடு ஏற ஏற பேட்டரியின் ஆயுள் இறங்கும். குழந்தை இருக்கும் வீட்டில் மூடியுள்ள ட்ராலி கட்டாயம்.

10. பெட்டியின் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், யூபிஎஸ் மோடு, இன்வெர்ட்டர் மோடு என்று. இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. யூபிஎஸ் மோடில் வைத்தால் கம்ப்யூட்டர் அணையாத வேகத்தில் மாறும், ஆனால் 180 வோல்ட்டுக்குக் கீழே வரும் கரண்டை ஏற்காது. கிராமத்தில் கோடை ராத்திரி வோல்டேஜ் 160-க்கு இறங்கும். கரண்ட் இருக்கும்போதே இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், காலையில் பேட்டரி தீர்ந்திருக்கும். "புதுப் பேட்டரி, ஒரு வாரத்தில் போய்விட்டது" என்று வருகிற வீடுகளில் முதலில் அந்தச் சுவிட்சைத்தான் பார்ப்பேன். கம்ப்யூட்டர் இல்லாத வீட்டில் இன்வெர்ட்டர் மோடிலேயே வையுங்கள்.

11. தண்ணீர். மாதம் ஒருமுறை மிதவையைப் பாருங்கள். சிவப்புக் கோட்டுக்கு இறங்கினால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், வீட்டு ஆர்ஓ தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் எதுவும் வேண்டாம். எல்லாவற்றிலும் உப்போ உலோகத் துகளோ இருக்கிறது. ஆசிட் ஊற்றவே கூடாது. ஆவியாகிப் போவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. கூட ஊற்றினால் தகட்டைத் தின்னும். சார்ஜ் முழுதாக ஏறியபின் ஊற்றுங்கள், ஏறுமுன் நிறைத்தால் பொங்கி வழியும். வழிந்த இடத்தில் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் துடையுங்கள். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அதே கரைசலால் கழுவி, காயவைத்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். கையில் மோதிரம், உலோக வளையல் இருந்தால் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். கண்ணில் ஆசிட் தெறித்தால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் தண்ணீர் விட்டுக் கழுவி, டாக்டரிடம் ஓடுங்கள்.

12. ஊருக்குப் போகும்போது இன்வெர்ட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போகாதீர்கள். லோடை அணையுங்கள், சார்ஜை அணையாதீர்கள். இறங்கிய பேட்டரி இறங்கியபடியே ஒரு மாதம் கிடந்தால், நான் மேலே சொன்ன சல்ஃபேட் கதைதான்.

13. வீட்டில் நெபுலைசரோ ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டரோ வைத்திருப்பவர்கள் இந்தப் பொதுக் கணக்கோடு நிற்காதீர்கள். ஐந்து லிட்டர் கான்சென்ட்ரேட்டர் 350 வாட்டை ஒட்டி, நிற்காமல் இழுக்கும். அதற்கென்று தனி இன்வெர்ட்டரும், அதற்கும் மேலே ஒரு சிலிண்டரும் இருக்கவேண்டும். பேட்டரியை மட்டும் நம்பி ஓர் உயிரை ஒப்படைக்காதீர்கள்.

14. இன்வெர்ட்டர் கரண்டைச் சேர்த்து வைக்கும், உண்டாக்காது. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தபோது எங்கள் பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. எத்தனை பெரிய பேட்டரியும் முதல் இரவோடு முடிந்தது. பல கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்காயிற்று. கடலோரத்தில் இருப்பவர்கள் அதனால் சோலாரையும் சேர்த்து யோசியுங்கள். 300 வாட் பேனல் ஒன்று, நல்ல வெயில் நாளில் ஒரு யூனிட்டுக்குக் குறையாமல் கொடுக்கும். ராத்திரி இரண்டு பிஎல்டிசி ஃபேனுக்கும் விளக்குக்கும் போன் சார்ஜுக்கும் அது காணும்.

ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். 2024-ல் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் மானியம் வாங்கி மாடியில் பேனல் போட்டவர்கள் பலர், இனிமேல் கரண்ட் கட்டே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஈ.பி. லைனோடு மட்டும் சேர்ந்து ஓடும் சோலார், லைனில் கரண்ட் போன அடுத்த கணமே தானும் நின்றுவிடும். உச்சி வெயிலிலும் வீடு இருட்டுதான். பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் வகையாக இருந்தால்தான் கட் ஆனபோது உதவும். அந்தச் சோலார் நிற்பதற்குக் காரணம் கடைசியில், 16-ல் வருகிறது.

15. பழைய பேட்டரியைத் தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். திறந்தவெளியில் உடைத்து ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றி, ஈயத்தை அடுப்பில் உருக்குவார்கள். அந்தப் புகையும் மண்ணும் பக்கத்துக் குழந்தைகளின் ரத்தத்தில் சேரும், மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, தயாரித்தவர்களே திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு உள்ளவர்கள். புதுசு வாங்கும் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

16. வயரிங்கை விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். இன்வெர்ட்டருக்குத் தனி ஃபேஸ், தனி நியூட்ரல். பழைய வீடுகளில் எல்லா அறைக்கும் ஒரே நியூட்ரல் ஓடும், அதில் இன்வெர்ட்டரைச் சேர்த்தால், கரண்ட் கசிந்தால் நிறுத்திவிடும் ஆர்சிசிபி அடிக்கடி விழும். விழுகிறதே என்று அதையே கழற்றிவிடச் சொல்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், உங்கள் வீட்டுக் கரண்ட் தெருவுக்குப் போகக்கூடாது. இன்வெர்ட்டரையோ வாடகை ஜெனரேட்டரையோ சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் மெயின் போர்டில் மாட்டினால், அது சர்வீஸ் வயர் வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்கு ஏறும். நமக்கு 230 ஆக இறக்கிக் கொடுக்கும் அதே டிரான்ஸ்ஃபார்மர் அதைத் திருப்பி 11,000 வோல்ட்டாக ஏற்றிவிடும். லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவர் மேல் அது பாயும். லைனில் கரண்ட் போனதும் மாடிச் சோலார் தானாக நிற்பதும் இதற்காகத்தான். கஜாவுக்குப் பிறகு தண்ணீர்த் தொட்டியை நிரப்ப வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் ஓடியது. அதே தெருக்களில் வேறு மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த ஊழியர்கள் சேற்றில் நின்று நமக்காகக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகவே வேலை முடிந்ததும், எலக்ட்ரீஷியன் கிளம்புமுன், மெயின் சுவிட்சை அணைத்து, இன்வெர்ட்டரில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே, மெயினிலிருந்து வீட்டுக்குப் போகும் பக்கத்தில் அவரையே டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே டெஸ்டர் எரிந்தால் வயரிங் தப்பு. அதைச் சரிசெய்து முடிக்கும்வரை இன்வெர்ட்டரை ஓடவிடாதீர்கள், கூலியையும் கொடுக்காதீர்கள்.